மாவு இறுகும் நேரம்

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரும் போலீஸ்காரனை நம்பக் கூடாது. கதவை உதைத்துக்கொண்டு வருகிறவன் தேவலை, எதற்கு வந்தான் என்பது அவன் காலிலேயே தெரிந்துவிடும். இவன் கழற்றினான், இரண்டையும் சுவரோரம் ஜோடியாகச் சேர்த்து வைத்தான், சிவப்புத் தலைப்பாகையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான், கூடத்து பெஞ்சில் நோயாளிகள் உட்காருகிற இடத்தில் நுனியில் உட்கார்ந்தான். அரைக்கதவுக்கு மேலாக டாக்டர் எர்னா லெவின் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் இடது கையில் ரப்பர் கிண்ணம், வலது கையில் பல் அச்சு எடுக்கிற மாவைக் கலக்கும் தட்டைக் கரண்டி. எதிரே நாற்காலியில், ரிடையரான தாசில்தார் தணிகாசல முதலியார், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்து தயாராக இருந்தார். வாசலுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த உதவிக்காரி அன்னபாக்கியம், "டாக்டரம்மா, கமிஷனர் ஆபீஸ்லேந்து ஹெட் கான்ஸ்டபிள் ஒருத்தரு வந்திருக்காரு. உங்களத்தான் பாக்கணுமாம். ஏதோ காயிதம் விசயமாம். வேலய முடிச்சிக்கினே வரட்டும், அவசரமில்ல, நான் காத்துனு இருக்கேன்றாரு" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். வேப்பேரியில் பிறந்து வளர்ந்தவள், ஐம்பது வயதுக்காரி, நாலு போலீஸ்காரர்களுக்குச் சொந்தக்காரி. அவளுக்கு அது சாதாரணம்தான்.

அவசரமில்லை, காத்திருக்கிறேன். எந்த மொழியில் சொன்னாலும் அது அதே வாக்கியம்தான் என்று எர்னாவுக்குத் தோன்றியது. கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் முதலில், மாவு பிறகு, தூவிக்கொண்டே வர வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி விழும், கட்டி விழுந்தால் அச்சு பொய் சொல்லும், பல் செட் ஈறில் குத்தும். ஜெர்மனியில், பிரெஸ்லா நகரத்தில், கணவன் ஃபெலிக்ஸும் அவளும் சேர்ந்து வைத்திருந்த பல் ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் அப்படித்தான், மிதியடியில் பூட்ஸை இருமுறை தேய்த்துவிட்டு வந்தார்கள். இருமுறை. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, தேங்காய் நார் மிதியடி, சர்க், சர்க். வேலையை முடியுங்கள் டாக்டர், அவசரமில்லை, காத்திருக்கிறோம் என்றார்கள். அவர்கள் கத்தியிருந்தால் ஃபெலிக்ஸ் பின்வாசல் வழியாகப் போயிருப்பான். மரியாதைக்குக் கட்டுப்பட்டு நின்றவன் அவன். மரியாதை கெட்டவனிடம் மனிதன் ஓடுவான், மரியாதையானவனிடம் நின்று பேசுவான், இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவனுக்கும் தெரியுமோ. இந்த ஊரிலும் கற்றுக்கொடுக்கிறார்களோ. "பேப்பர் பாத்தீங்களா டாக்டரம்மா?" என்றார் முதலியார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள் இந்த ஊரில். முதலியாருக்குப் பல் மட்டும்தான் போயிருந்தது. "ரஷ்யாக்காரனும் அந்த ஜெர்மனி மீசைக்காரனும் கை குலுக்கிட்டானுங்களாம். இனிமே என்ன தடை? பத்து நாள்ல சண்டை வந்துடும்னு எங்க மாப்பிள்ளை வீட்டார் சொல்றாங்க. வந்துட்டா இங்க இருக்கிற ஜெர்மன்காரங்க எல்லாரையும் வேவுக்காரன்னு சொல்லி..." அங்கே நிறுத்தி, கண்ணை உருட்டி, "உங்களைச் சொல்லலே. நீங்க நம்ம டாக்டர்" என்றார். நல்ல மனிதர். மகள் கல்யாணம் ஆவணி முடிவதற்குள், அதற்குள் பல் வேண்டும், சம்பந்தி முன்னால் பொக்கை வாயோடு நிற்க முடியாது, அவருடைய பயம் அவருக்கு. "இன்னிக்கே அச்சு எடுத்து நாளைக்கே குடுத்துட முடியாதா?" என்று கேட்டார். அன்னபாக்கியம்தான் பதில் சொன்னாள்: "பதறாத காரியம் சிதறாதுய்யா. வாயத் தெறங்க."

நான்கு நிமிடம், சில நாள் ஐந்து. வெயில் நாளில் மாவு சீக்கிரம் இறுகும், இன்று புழுக்கம், ஐந்து ஆகலாம். எர்னா மாவை அச்சுத் தட்டில் நிரப்பினாள், முதலியாரின் கீழ்த்தாடையில் பதித்தாள், இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தாள். முதலியாரின் பேச்சு நின்றது. இனி இறுகும்வரை ஆடக் கூடாது, அசையக் கூடாது, பிடித்தவரும் விடக் கூடாது. அன்றைக்கும் இதேதான். இதே மாவு, இதே பிடி. அன்று நாற்காலியில் இருந்தவள் பியானோ டீச்சர், சிவந்த மூக்கு, ஒரு கண்ணில் நீர். எர்னாவின் கட்டைவிரல்கள் அவள் வாய்க்குள் இருந்தன. முதுகுக்குப் பின்னால் அடுத்த அறையில் மேஜை டிராயர் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், இன்னொன்று திறக்கிற சத்தம், பிறகு காகிதம் பிரிகிற சத்தம், பிறகு ஒரு அமைதி. ஃபெலிக்ஸ் வாசல் வழியாக நடந்துபோனபோது, எர்னா, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தட்டு ஆடும், அச்சு கெடும். அச்சு கெடக் கூடாது என்று பார்த்தாள் மகராசி! எவ்வளவு நல்ல டாக்டர். கணவனின் கடைசி முகத்தைப் பார்க்காமல் ஒரு பியானோ டீச்சரின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிராயரில் இருந்தது பிராகிலிருந்து அவன் சித்தப்பா மகன் எழுதிய நாலு வரிக் கடிதம். ஜெர்மனியில் நடப்பதைப் பற்றி இங்கே பத்திரிகையில் எழுதுகிறேன், நீயும் விவரம் அனுப்பு என்று எழுதியிருந்தான் அந்த அசடு. ஃபெலிக்ஸ் பதில்கூடப் போடவில்லை, கிழித்தும் போடவில்லை, டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிட்டான். எட்டு வாரம் கழித்து முகாமிலிருந்து ஒரு அட்டை வந்தது, இதயம் நின்றுவிட்டது, சாம்பல் வேண்டுமென்றால் எழுதிக் கேட்கவும் என்று. அவர்கள் காத்திருந்தபோதே தட்டை விட்டுவிட்டு டிராயரிடம் போயிருந்தால். அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. நாலு வரி, ஒரு தீக்குச்சி. இதையே அவள் ஒன்றே முக்கால் வருடமாக நினைக்கிறாள், கப்பலில் நினைத்தாள், பம்பாய்த் துறைமுகத்தில் நினைத்தாள், சென்ட்ரலில் இறங்கிக் குதிரை வண்டிக்காரனிடம் விலாசம் காட்டியபோது நினைத்தாள், நாக்கு பழுத்த இடத்தையே தடவிக்கொண்டிருப்பது மாதிரி.

காகித விஷயமாம். என்ன காகிதம். மாதம் ஒருமுறை எழும்பூர் கமிஷனர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறாள், ஒரு மாதமும் தவறவில்லை. ஜெர்மனியில் நீ யூதப் பெண், ஜெர்மன்காரி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே நீ ஜெர்மன்காரிதான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எது உண்மை என்று அவளைக் கேட்டால், கீழ்த்தாடை அச்சு எடுப்பவள் என்றுதான் சொல்வாள். பெஞ்சில் அவன் இருமினான். சாதாரண இருமல். அல்லது தான் இருப்பதை நினைவுபடுத்துகிற இருமல். காகிதம் என்றால் ஒன்றுதான், பின் அறை அலமாரியில், பஞ்சுப் பொட்டலங்களுக்குக் கீழே, பிஸ்கட் டின்னில் இருப்பது. அம்மாவின் பதினோரு கடிதங்கள். அம்மா கெட்டிக்காரி, பிரெஸ்லா தணிக்கைக்காரனை ஏமாற்ற அவளே ஒரு பாஷை உண்டாக்கியிருந்தாள். பெரியப்பாவின் குடை ரிப்பேருக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று கடைக்காரன் சொல்லவில்லை. அதாவது பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நம் தெருவில் இந்த வாரம் ஏழு குடை ரிப்பேர். மேல்மாடி ரோஸா அத்தை கடற்கரைக்குப் போய்விட்டாள், தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். அதாவது கப்பல் ஏறிவிட்டாள். எனக்குக் கடற்கரைக்கு இன்னும் டிக்கெட் கிடைக்கவில்லை, நீ முயற்சி பண்ணு. படிக்கும்போது எர்னா சிரித்தும் இருக்கிறாள், அழுதும் இருக்கிறாள். ஆனால் இதை மெட்ராஸ் போலீஸ் அதிகாரி ஒருவர் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு படித்தால்? ஜெர்மனியிலிருந்து ஜெர்மன் பெண்ணுக்கு வந்த கடிதம், ஏழு குடை, கடற்கரை, தண்ணீர் நன்றாக இருக்கிறது. கடற்கரை இங்கே இரண்டு மைலில் இருக்கிறது. ஹார்பர் இருக்கிறது. ஏழு குடை என்றால் ஏழு கப்பல் என்பார். அவள் ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் எடுபடுமா. இல்லை ஐயா, குடை என்றால் பெரியப்பா என்று சொல்லிப் பார்க்கலாம், வேவுக்காரி நன்றாகக் கதை சொல்கிறாள் என்பார்கள். வேவுக்காரியின் அம்மாவுக்கு யார் பர்மிட் கொடுப்பார்கள். ஜூன் மாதம் கொடுத்த மனு, அம்மா மெட்ராஸ் வர அனுமதி கேட்டு அவள் நின்று எழுதிக் கொடுத்த மனு, அதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அம்மா அங்கேயே இருந்துவிடுவாள், அவள் குடையும் ஒருநாள் ரிப்பேருக்குப் போகும். சூடு கண்ட பூனைதான் எர்னா. அடுப்பைப் பார்த்தால் நடுங்க வேண்டியவள், ஆனால் அவள் சூடு பட்டது அடுப்பில் போடாமல் விட்டதால். அதனால் அவளுக்குப் புத்தி அடுப்பு பக்கமாகவே போயிற்று.

"அன்னபாக்கியம், பிடி. ஆடக் கூடாது" என்றாள். இத்தனை மாதத்தில் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அன்னபாக்கியம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டைப் பிடித்தாள். முதலியாரின் கண்கள் ஒருத்தியிலிருந்து இன்னொருத்திக்குப் போயின. எர்னா பின் அறைக்குப் போனாள், ஓடவில்லை, ஓடினால் அரைக்கதவுக்கு மேல் தலை வேகமாகப் போவது தெரியும். இன்று நான் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன் ஃபெலிக்ஸ், இன்று திரும்பிவிட்டேன் பார். கரியடுப்பில், சட்டித் தண்ணீரில், பல் பிடுங்கும் குறடுகள் கொதித்துக்கொண்டிருந்தன. சட்டியை இறக்கினாள், விரல் சுட்டது, தெரியவில்லை. டின்னைத் திறந்தாள். கடிதங்கள் காயத்துக்குக் கட்டும் துணி நாடாவால் கட்டியிருந்தன, அவளே கட்டிய முடிச்சு. கட்டின் நடுவில், மற்றவற்றைவிடத் தடியாக, மனுவுக்காக அம்மா வாங்கி அனுப்பியிருந்த அந்த ஒரு தாள். அம்மாவின் படம் ஒட்டியது, படத்தின்மேல் பாதியும் தாளின்மேல் பாதியுமாக முத்திரை குத்தியது. ஜூன் மாதம் குமாஸ்தா சொன்னார், அசல் உங்களிடமே இருக்கட்டும் அம்மா, இங்கே வைத்தால் எலி தின்னும், கேட்கும்போது கொடுங்கள் என்று. அதுவுமா? அதை எரிக்க வேண்டாம், எடுத்துவிடலாம். நாடாவின் முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். ஈரக் கையால் கட்டியிருப்பாள் போலும், கெட்டியாக இறுகியிருந்தது. முத்திரை குத்திய ஓரம் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கழுகு, கழுகின் காலடியில் அந்த வளைந்த சிலுவை. டின்னைத் திறக்கிற எந்த அதிகாரிக்கும் முதலில் கண்ணில் படப்போவது அந்தக் கழுகுதான். சண்டை வரப்போகிற ஊரில், ஜெர்மன் பெண்ணின் அலமாரியில், பஞ்சுக்கு அடியில், கழுகு. அப்படியும் எடுத்துவிடத்தான் நினைத்தாள், சத்தியமாக நினைத்தாள், கத்திரிக்கோல் எங்கே என்று பார்த்தாள். அப்போது கூடத்தில் பெஞ்ச் கிரீச்சிட்டது. அவன் எழுந்துவிட்டான். வெறுங்கால் என்பதால் நடப்பது கேட்கவில்லை, எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை, இதற்காகத்தான் கழற்றினாயா பாவி! கை முந்திக்கொண்டது. கட்டு முழுதாக அடுப்பில் விழுந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை, காகிதம் யோசித்தது மாதிரி இருந்தது, பிறகு ஓரங்கள் பழுப்பாயின, நாடா கருகி அறுந்தது. முடிச்சு இப்போது அவிழ்ந்தது. கடிதங்கள் விரிந்தன, படம் மேலே வந்தது. அம்மா பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுத்திருந்தாள், படத்தில் அது கறுப்பு. தீ கன்னத்திலிருந்து சுருட்டிக்கொண்டு கண்ணுக்கு வந்தது. எர்னா கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். வேறு ஒன்று அனுப்புவாள், அம்மா கெட்டிக்காரி, வேறு ஒன்று வாங்கி அனுப்புவாள் என்று ஜெர்மனில் சொன்னாள், வாய்விட்டே சொன்னாள். குறட்டால் சாம்பலைக் கிளறி நசுக்கினாள். சட்டியை மறுபடி மேலே தூக்கி வைத்தாள். ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைக்க முடியாது, ஒன்றே முக்கால் வருடத்துக் கடனைத் தீர்த்துவிட்ட நிம்மதி. வரட்டும். அலமாரியைத் திறக்கட்டும். பஞ்சுதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது அரைக்கதவுக்கு மேலாகப் பார்த்தாள். அவன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, தலையை அண்ணாந்து, டம்ளர் உதட்டில் படாமல் குடித்துக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி அலம்பி மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். தண்ணீருக்கா எழுந்தாய். அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த மாவை விரலால் ஒடித்துப் பார்த்தாள், பட்டென்று சுத்தமாக ஒடிந்தது. இறுகிவிட்டது. தட்டை அன்னபாக்கியத்திடமிருந்து வாங்கி அசைத்து எடுத்தாள், ஓரத்தில் உடைந்த இரண்டு துண்டுகளைக் குறட்டால் பொறுக்கிச் சேர்த்தாள். நல்ல அச்சு. அன்னபாக்கியம் ஆடாமல் பிடித்திருக்கிறாள். முதலியார் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்: "மாவு உள்ள சூடாச்சு டாக்டரம்மா, நாக்கு வெந்துபோச்சோன்னு பயந்துட்டேன். ஏதோ கருகுற வாசனை வருதே, அடுப்புல என்ன வெச்சீங்க?" அன்னபாக்கியம் எர்னாவின் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள், அங்கே ஒட்டியிருந்த கறுப்புச் செதிலைப் பார்த்தாள். "பழைய துணி ஐயா, கட்டுப் போட்ட துணி" என்றாள் அவளே. முதலியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு அவசியம் வந்து முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, போகும் வழியில் ஹெட் கான்ஸ்டபிளிடமும் பேப்பர் பார்த்தீரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவன் உள்ளே வந்தான். கிட்டத்தில் பார்த்தால் வயதானவர், அவன் என்று நினைக்க முடியாத வயது, மீசை பாதி நரை. ஏகாம்பரம் என்று பெயர் சொன்னார். கையில் ஒரு பழுப்பு உறை. எர்னா அலமாரிக்கு முன்னால் நின்றாள், எதற்கு அங்கே போய் நின்றாள் என்று தெரியாமல், காக்க ஒன்றுமில்லாத அலமாரியைக் காத்துக்கொண்டு. "நமஸ்காரம்மா. என்னா இப்பிடி மூஞ்சி வெளுத்துக்கினு நிக்கிறீங்க? போலீஸ்னா பயந்துட்டீங்களா? சமாசாரம் நல்ல சமாசாரம்மா" என்றார். "உங்க தாயாருக்கு உத்தரவு ஆயிடுச்சு. காலைலதான் ஆபீசர் கையெழுத்துப் போட்டாரு. தபால்ல எழுதினா நாளாவுது, சண்டை வேற வரும்போல இருக்குது, ஏகாம்பரம், நீயே நேர்ல போய் சொல்லுன்னாரு." எர்னாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒன்றரை வருடத்தில் தமிழ் இவ்வளவு நன்றாகப் புரிந்ததே இல்லை. "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. தாயாரு படம் ஒட்டி அந்த ஊரு சீல் வெச்ச காயிதம், அசலு உங்ககிட்ட இருக்குதாமே, குமாஸ்தா சொன்னாரு. அதக் குடுத்துட்டீங்கன்னா ஃபைல்ல சேத்துட்டு இன்னிக்கு சாயங்காலமே தந்தி அடிச்சுடுவாங்க. நாளைக்கே அவங்க அங்க கப்பல் டிக்கெட் எடுக்கலாம்."

அடுப்பில் சட்டித் தண்ணீர் மறுபடி கொதிக்கத் தொடங்கி, குறடுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அன்னபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எர்னாவின் நாக்கில் வந்தது பிரெஸ்லா ஜெர்மன், அதை விழுங்கினாள். இந்த ஊரில் அவசரமில்லை என்றால் அவசரமில்லை என்றுதான் அர்த்தம். செருப்பைக் கழற்றினால் தரை அழுக்காகக் கூடாது என்று அர்த்தம். இதை யாராவது ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கலாம். "இல்லை" என்றாள் கடைசியில். "இப்போ... இங்கே இல்லை." எரித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. எரித்தேன் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏகாம்பரம் அவளை ஒரு நொடி பார்த்தார். அவருக்கு மகள்கள் இருக்கலாம். கருகிய வாசனை அவர் மூக்குக்கும் எட்டியிருக்கும், அடுப்பு பக்கம் திரும்பியவர் ஒன்றும் கேட்கவில்லை. "இல்லாட்டி போவுது, ஏம்மா அழுவுறீங்க? தொலஞ்சுபோச்சா? அவங்களுக்கு எழுதி வேற ஒண்ணு வாங்குங்க. உத்தரவுல பதினஞ்சு நாள் டைம் போட்டிருக்குது" என்று உறையை மேஜைமேல், மாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "அவசரமில்ல."

அவர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு தெருவில் சைக்கிள் மணி. சுவரில் மாதக் காலண்டர், இன்று ஆகஸ்ட் இருபத்துநாலு, வியாழக்கிழமை. எர்னா அதன் முன்னால் போய் நின்று, மாவு காய்ந்த விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினாள். அந்தத் தாளுக்கு அங்கே மகளின் கையெழுத்துக் கடிதம் கேட்பார்கள், தந்தி செல்லாது. விமானத் தபால் பிரெஸ்லா போய்ச்சேர ஏழு நாள், அங்கிருந்து திரும்பி வர ஏழு நாள், பதினாலு. நடுவில் சண்டை வராவிட்டால் பதினாலு. ஒரு நாள் மிச்சம் இருந்தது. "போதுமாம்மா?" என்று அன்னபாக்கியம் பின்னாலிருந்து கேட்டாள். எர்னா தலையாட்டினாள், போதும் என்றுதான் ஆட்டினாள். அந்த முத்திரைக்காகப் போன முறை அம்மா மூன்று நாள் வரிசையில் நின்றாள்.